பழைய யூஎஸ்பி பிரிண்டரை வீடு முழுக்கப் பொதுவாக்குவது: லினக்ஸ் சர்வர் செய்யும் மொழிபெயர்ப்பு வேலை

ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டரில் வைஃபை கிடையாது. நெட்வொர்க் கேபிள் செருகவும் இடம் கிடையாது. மின்கம்பி ஒன்று, யூஎஸ்பி கம்பி ஒன்று, அவ்வளவுதான். ஆனால் இன்று வீட்டில் பிரிண்ட் எடுக்க நினைப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் போன். கம்பியைப் போனில் எப்படியாவது செருகினாலும் பயனில்லை. 1020 பிடிஎஃப் படிக்காது, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியும் படிக்காது. கணினி பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றி, சுருக்கி, இசட்ஜேஸ்ட்ரீம் என்ற அதன் சொந்த வடிவத்தில் அனுப்பினால்தான் அதற்குப் புரியும்.

வீட்டு லினக்ஸ் சர்வர் நிரப்புவது இந்த இடைவெளியைத்தான். பிரிண்டரின் மொழி சர்வர் ஒன்றுக்குத் தெரிந்தால் போதும். மற்ற சாதனங்கள் எல்லாம் சர்வரிடம் பொது மொழியில் பேசும், பிரிண்டருக்கு எடுத்துச் சொல்வது சர்வரின் பொறுப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால், கோளாறு வரும்போது எங்கே தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். சர்வருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் ஒரு இணைப்பு, சர்வருக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் நடுவில் ஒன்று, வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் ஒன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் அமைக்கப் பார்ப்பதால்தான் பலர் பாதியில் கைவிடுகிறார்கள்.

அந்தப் பொது மொழியின் பெயர் ஐபிபி. அது வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி முறையின் மேல் கட்டப்பட்டது, 631 என்ற போர்ட்டில் (ஒரு சேவைக்குக் கணினி ஒதுக்கும் எண்ணிட்ட கதவு) இயங்குகிறது. லினக்ஸில் அதைப் பேசும் மென்பொருள் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கி, 1999இல் வெளியிட்டார். அதற்கு முன் யூனிக்ஸ் உலகில் இருந்த எல்பிடி முறை, 515ஆம் போர்ட்டில் கோப்பை வாங்கிப் பிரிண்டரிடம் தள்ளிவிடும். பிரிண்டரால் என்னென்ன முடியும், பேப்பர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுச் சொல்ல அதில் ஒழுங்கான வழி இல்லை. ஆப்பிள் 2002இல் மேக் இயங்குதளத்தில் கப்ஸைச் சேர்த்தது, 2007இல் அதன் மூலநிரலையே வாங்கியது. ஸ்வீட் 2019 இறுதியில் ஆப்பிளை விட்டு விலகினார். மறு ஆண்டு ஓப்பன்பிரிண்டிங் திட்டம் தனிக்கிளை பிரித்துப் பராமரிப்பை ஏற்றது. இன்று டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் வருவது அந்தக் கிளைதான்.

ஐபிபி எச்டிடிபியின் மேல் ஓடுவதால் ஒரு நல்ல பலன் உண்டு. பிரவுசரில் சர்வரின் முகவரியோடு 631 சேர்த்துத் தட்டினால் நிர்வாகப் பக்கம் வரும். பிரிண்ட் வேலைகள் வந்து சேர்வதும் அதே கதவு வழியாகத்தான்.

எந்தக் கணினியைச் சர்வராக்குவது?

பிரிண்டரைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. ராஸ்பெரி பை என்ற கையளவு கணினி மலிவு, மின்சாரம் குறைவு, சத்தமில்லை. ஆனால் அதன் செயலி ஆர்ம் வகை. கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் பை வாங்கி ஏமாறுகிறார்கள். அந்தப் பிரிண்டர் பேசும் கேப்ட் மொழிக்கு நிறுவனம் தந்த லினக்ஸ் டிரைவர் (பக்கத்தைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டுமே தொகுக்கப்பட்டது. மூலநிரல் முழுமையாகத் திறக்கப்படாததால் ஆர்முக்கு நாமே தொகுக்கவும் வழியில்லை. தன்னார்வலர்கள் எழுதிய கேப்ட்டிரைவர் என்ற திறமூல மாற்று இருக்கிறது, ஆனால் அது இன்னும் சோதனை நிலையைத் தாண்டவில்லை. 2900 இருந்தால் பழைய லேப்டாப் ஒன்றைச் சர்வராக்குவதே நிம்மதி. எப்சன் எல் வரிசை இங்க்டேங்க் பிரிண்டர்களுக்கு எஸ்க்பிஆர் டிரைவரும், பிரதர் லேசர்கள் பலவற்றுக்குப் பிஆர்லேசர் டிரைவரும் மூலநிரலோடு கிடைப்பதால் டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்குப் பை தாராளமாகப் போதும்.

நினைவகத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளில், ஒரு ஏ4 பக்கம் ஏறத்தாழ 4960க்கு 7016 புள்ளிகள், அதாவது சுமார் 3.5 கோடி. கறுப்பு வெள்ளையில் புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 4.3 எம்பி. நிழல் அளவுகளோடு புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 35 எம்பி. வண்ணம் என்றால் அதைப் போல் மூன்று மடங்கு. 512 எம்பி நினைவகம் கொண்ட சிறிய போர்டில் புகைப்படங்கள் நிறைந்த பிடிஎஃப் அனுப்பினால் முதல் பக்கம் வருவதற்கே நிமிடக் கணக்கில் ஆவது இதனால்தான். 1 ஜிபி இருந்தால் வீட்டுக்குப் போதும்.

முதல் இணைப்பு: சர்வரும் பிரிண்டரும்

டெபியனில் கப்ஸ், அவாஹி டீமன் (பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் பின்னணி நிரல்), உங்கள் பிரிண்டருக்கான டிரைவர் ஆகிய மூன்று பொதிகளை நிறுவுங்கள். உங்கள் பயனர் பெயரை எல்பிஅட்மின் குழுவில் சேருங்கள். சேர்க்காவிட்டால் நிர்வாகப் பக்கம் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். சர்வருக்கு மானிட்டர் இல்லையென்றால், நிர்வாகப் பக்கத்தை நெட்வொர்க்கில் திறந்துவிடுவதைவிட எஸ்எஸ்எச் சுரங்கம் (சர்வருக்குள் போகும் மறையாக்கப் பாதை) போடுவது மேல். உங்கள் லேப்டாப்பின் 6310ஆம் போர்ட்டைச் சர்வரின் 631ஓடு இணைத்தால், லேப்டாப் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

எல்பிஇன்ஃபோ கட்டளையைச் சிறிய வி விருப்பத்தோடு ஓட்டினால், கண்ணில் படும் பிரிண்டர்களின் முகவரிகள் வரும். யூஎஸ்பி என்றோ, ஹெச்பி நிறுவனத்தின் ஹெச்பிலிப் டிரைவர் தொகுப்பை நிறுவியிருந்தால் ஹெச்பி என்றோ தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து ஒரு வரிசையை, அதாவது அந்தப் பிரிண்டருக்கான வேலைகள் சேரும் இடத்தை, உருவாக்குங்கள். வரிசைப் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக வையுங்கள். பின்னால் எல்லாச் சாதனத்திலும் கையால் தட்டப்போவது இந்தப் பெயரைத்தான்.

1020க்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். அதன் ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் நிரல், பிரிண்டருக்குள் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் அதை யூஎஸ்பி வழியே ஏற்ற வேண்டும். உரிமக் காரணத்தால் அந்த ஃபர்ம்வேர் டெபியன் பொதியில் வராது. ஹெச்பி-ப்ளகின் கட்டளையை ஓட்டித் தனியாக இறக்க வேண்டும். ஃபர்ம்வேர் ஏறாத நிலையில் நடப்பதுதான் பலரைக் குழப்புகிறது. வேலை முடிந்தது என்று கப்ஸ் சொல்கிறது, பேப்பர் நகரவே இல்லை. கப்ஸின் கணக்கில் தரவு கம்பியில் போய்விட்டது. வாங்கிய பிரிண்டருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. இன்னொன்று, ப்ளகினின் பதிப்பும் ஹெச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சிஸ்டம் அப்டேட்டில் ஹெச்பிலிப் மட்டும் புதிதாகிவிட்டால், நேற்றுவரை ஓடிய பிரிண்டர் இன்று ஓடாது. ப்ளகினை மறுபடி நிறுவினால் சரியாகும். இதே பிரிண்டருக்கு ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற மாற்று டிரைவரும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இருந்தால் ஸ்விட்ச் போட்டதும் ஃபர்ம்வேர் ஏற்ற இரண்டும் போட்டி போடும்.

அடுத்தது பேப்பர் அளவு. வரிசையின் இயல்பு அளவு அமெரிக்க லெட்டராக அமைந்துவிட்டால், ஏ4 பேப்பர் நிறைய இருந்தும் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் பக்கத்தின் அடியில் ஒரு வரி வெட்டுப்படும். லெட்டர் 216க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 210க்கு 297. வரிசையை உருவாக்கிய கையோடு இயல்பு அளவை ஏ4 என்று மாற்றிவிடுங்கள்.

தமிழ் எழுத்து பற்றியும் ஒன்று. பிடிஎஃப்பாக வரும் கோப்பில் எழுத்துரு உள்ளேயே இருப்பதால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் சரியாக வரும். வெறும் உரைக்கோப்பை எல்பி கட்டளையால் நேரே அனுப்பினால் அப்படி வராது. கப்ஸின் உரை வடிகட்டி (உரையைப் பக்கமாக மாற்றும் நிரல்) குறியீட்டுக்கு ஒரு உரு என்று வைத்துக்கொண்டே போகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலை அதற்குத் தெரியாது, எனவே ‘கொ’ சிதறிவிடும். தமிழ் உரையை லிப்ரேஆபீஸில் பிடிஎஃப்பாக்கிவிட்டு அனுப்புங்கள்.

சோதனைப் பக்கம் சர்வரிலிருந்து ஒழுங்காக வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டு இன்னொரு முறையும், சர்வரை மறுதொடக்கம் செய்து மூன்றாவது முறையும் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது இணைப்பு: வீட்டுச் சாதனங்கள்

கப்ஸ் நிறுவியவுடன் தன் கணினிக்கு மட்டுமே காது கொடுக்கும். உள்ளமைவுக் கோப்பில் லிஸன் லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கும் வரியைப் போர்ட் 631 என்று மாற்ற வேண்டும், அனுமதிப் பகுதியில் அலவ் @லோக்கல் சேர்க்க வேண்டும், வரிசையைப் பகிர்வு நிலையில் வைக்க வேண்டும். கப்ஸ்சிடிஎல் கட்டளையில் பகிர்வு விருப்பத்தைக் கொடுத்தால் உள்ளமைவுக் கோப்பின் மாற்றங்களை அதுவே செய்துவிடும். ஃபயர்வால் இருந்தால் 631 டிசிபியையும் 5353 யூடிபியையும் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். ரௌட்டரில் சர்வருக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். முகவரி மாறினால் விண்டோஸ் கணினிகள்தான் முதலில் பிரிண்டரைத் தொலைக்கும்.

5353 எதற்கு என்றால், போன்கள் பிரிண்டரைத் தேடுவது அதில்தான். சர்வரில் ஓடும் அவாஹி, ‘இந்த வரிசை இங்கே இருக்கிறது, இந்த வடிவங்களை ஏற்கும்’ என்று வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் அறிவிக்கிறது. ஐபோனின் ஏர்பிரிண்ட் 2010இல் வந்தது முதல் இந்த அறிவிப்பை நம்பியே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் இயல்பான அச்சுச் சேவையும் அப்படியே. அதனால் போனில் எந்தச் செயலியும் நிறுவாமலே, 1020 ஒரு புத்தம்புது வைஃபை பிரிண்டர்போல் பட்டியலில் தோன்றும்.

தோன்றாவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் ரௌட்டர்தான். விருந்தினர் வைஃபையில் இருக்கும் போனுக்கு அறிவிப்பு எட்டாது. சாதனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் ஐசொலேஷன் வசதி இயங்கினாலும் எட்டாது. பல சாதனங்களுக்கு ஒரே நேரத்தில் போகும் மல்டிகாஸ்ட் செய்திகளை வடிகட்டும் அமைப்புகளும் இதைக் கெடுக்கும். அறிவிப்பு வருகிறதா என்பதை இன்னொரு லினக்ஸ் கணினியில் அவாஹி-பிரவுஸ் கட்டளையால் பார்க்கலாம்.

விண்டோஸில் பிரிண்டரைக் கையால் சேர்க்கும் வழியில் போய், பெயரால் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எச்டிடிபி முகவரியைக் கொடுங்கள். சர்வரின் எண், 631, பிரிண்டர்ஸ் என்ற சொல், பிறகு வரிசையின் பெயர். டிரைவராக மைக்ரோசாஃப்டின் ஐபிபி கிளாஸ் டிரைவர் போதும். இங்கே பலரும் செய்யும் தவறு, 1020இன் விண்டோஸ் டிரைவரையே தேடி நிறுவுவது. அப்போது மொழிபெயர்ப்பு விண்டோஸிலேயே முடிந்துவிடும். வந்தது என்ன வடிவம் என்று சர்வருக்குப் புரியாமல் வேலை கெடக்கூடும். இதன் மறுபக்கமும் உண்டு. சர்வரில் வரிசையை டிரைவர் இல்லாத ரா வகையாக வைத்துவிட்டு, போனிலிருந்து பிடிஎஃப் அனுப்பினால் 1020 சும்மா இருக்கும், வேறு சில பிரிண்டர்கள் பக்கம் பக்கமாகப் புரியாத குறிகளைக் கக்கும். டிரைவர் சர்வரில் மட்டும் இருக்கட்டும்.

விண்டோஸின் பகிர்வு முறையை லினக்ஸில் பேசும் சாம்பா வழியாகப் பகிரும் பழைய முறையை இன்று புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. 2021இல் வெளிப்பட்ட பிரிண்ட்நைட்மேர் ஓட்டைக்குப் பின், நெட்வொர்க் வழியே பிரிண்டர் டிரைவர் நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்று விண்டோஸ் இறுக்கிவிட்டது. ஐபிபி வழியில் அந்தத் தொல்லை இல்லை.

பிரிண்டர்களைப் பகிரும் சர்வரில் கப்ஸ்-பிரவுஸ்டு தேவையில்லை. மற்ற சர்வர்களின் பிரிண்டர்களைத் தேடிச் சேர்ப்பது அதன் வேலை. 2024 செப்டம்பரில் அதில் வெளியான ஓட்டைகள் தீவிரமானவை. 631 யூடிபியில் வரும் எந்தச் செய்தியையும் நம்பி, யாரோ தந்த போலிப் பிரிண்டரைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு அதில் யாராவது பிரிண்ட் எடுத்தால் தாக்குபவரின் கட்டளை சர்வரில் ஓடும். அதை நிறுத்திவிடுங்கள், முடிந்தால் நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது இணைப்பு: வெளியிலிருந்து

கூகிள் கிளவுட் பிரிண்ட் இருந்தவரை இதற்கு ஒரு சுலபமான பதில் இருந்தது. 2020 டிசம்பர் 31ஓடு அது மூடப்பட்டது. இப்போது நம் வழியை நாமே போட வேண்டும்.

ரௌட்டரில் 631ஐத் திறந்துவிடலாமே என்ற எண்ணம் எளிதில் வரும். செய்யாதீர்கள். திறந்த 631 என்றால் முன்பின் தெரியாதவர் உங்கள் டோனரைத் தீர்ப்பதோடு முடியாது. மேலே சொன்னது போன்ற ஓட்டை ஒன்று நாளை வெளியானால் சர்வரே கைமாறும். இந்தியாவில் பல வீட்டு இணைப்புகளில் திறக்கவும் முடியாது. நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரௌட்டர்வரை வந்து சேர்வதே இல்லை.

சரியான வழி விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கப் பாதை. சொந்தப் பொது முகவரி இருந்தால் வயர்கார்ட், இயல்பு போர்ட் 51820 யூடிபி. பங்கிட்ட முகவரி என்றால் டெய்ல்ஸ்கேல் போல, இரண்டு பக்கமும் வெளியே போய்ச் சந்திக்கும் ஏற்பாடு. எதுவானாலும் இணைத்தபின் மூன்று தடைகள் வரும்.

முதலாவது, அனுமதி இல்லை என்னும் 403 பிழை. கப்ஸில் @லோக்கல் என்பதற்கு நேரடி வீட்டு நெட்வொர்க் என்று பொருள். புள்ளிக்குப் புள்ளி வகை இணைப்புகளை அது கணக்கில் சேர்ப்பதில்லை, விபிஎன் அந்த வகை. எனவே வயர்கார்டுக்கு நீங்கள் வைத்த முகவரி வரம்பை, டெய்ல்ஸ்கேல் என்றால் 100.64.0.0/10 வரம்பை, அனுமதிப் பகுதியில் தனியாக எழுத வேண்டும்.

இரண்டாவது, 400 பிழை. முகவரிக்குப் பதில் விபிஎன் தந்த பெயரைப் பயன்படுத்தினால் இது வரும். தனக்குத் தெரியாத பெயரில் வரும் கோரிக்கைகளைக் கப்ஸ் பாதுகாப்புக்காக மறுக்கிறது. சர்வர்ஏலியஸ் என்ற வரியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும். நட்சத்திரக்குறி போட்டு எல்லாப் பெயரையும் அனுமதிக்கலாம் என்றாலும், தேவையான பெயரை மட்டும் எழுதுவது நல்லது.

மூன்றாவது, போன் பிரிண்டரைக் கண்டுபிடிக்காது. அவாஹியின் அறிவிப்பு வீட்டு நெட்வொர்க் எல்லையோடு நின்றுவிடும், விபிஎன் அதைக் கடத்தாது. லேப்டாப்பில் இது பிரச்சினையே இல்லை, முகவரியைக் கையால் கொடுத்துவிடலாம். ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் விவரம் அடங்கிய கான்ஃபிகரேஷன் புரொஃபைல் ஒன்றைத் தயாரித்து நிறுவ வேண்டும். அதில் சர்வரின் முகவரியும் வரிசையின் பாதையும் இருக்கும்.

போன்களுக்கு இதைவிட நம்பகமான ஏற்பாடு, கோப்புறை வழியாக அனுப்புவது. போனிலும் சர்வரிலும் சிங்க்திங் (சாதனங்களிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் நிரல்) போட்டு ஒரு கோப்புறையை இணைத்துவையுங்கள். சர்வரில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் பாத் யூனிட் ஒன்று அந்தக் கோப்புறையைக் கவனிக்கட்டும். பிடிஎஃப் வந்ததும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் அதை எல்பி கட்டளைக்குக் கொடுத்துவிட்டு வேறு இடத்துக்கு நகர்த்தட்டும். நகர்த்த மறந்தால் கோப்பு இன்னும் இருப்பதைப் பார்த்து அதே ஆவணம் மீண்டும் மீண்டும் அச்சாகும். பாதி இறங்கிய கோப்பு அச்சாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். சிங்க்திங் தற்காலிகப் பெயரில் இறக்கி, முழுமையான பிறகே உண்மைப் பெயரை வைக்கிறது. சர்வரில் நகர்த்தியதும் போனிலும் கோப்பு மறையும், வேலை வரிசைக்குப் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இதற்கு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம், போனில் இணைப்பு மோசமாக இருந்தாலும் கிடைத்தபோது போய்ச் சேரும்.

வெளியிலிருந்து அனுப்பும்போது பிரிண்டர் அணைந்திருக்கலாம். அதற்கு வரிசையின் பிழைக் கொள்கையை மறுமுயற்சி வகைக்கு மாற்றிவையுங்கள். நிறுத்தும் வகையில் இருந்தால் ஒரு தோல்விக்குப் பின் வரிசை முழுவதும் முடங்கி, கப்ஸ்எனேபிள் கட்டளை தரும்வரை பின்னால் வந்த எல்லாம் தேங்கும். ஸ்மார்ட் பிளக்கில் லேசர் பிரிண்டரை மாட்டித் தேவைப்படும்போது போடலாம், ஆனால் பிளக்கின் ஆம்பியர் அளவைப் பாருங்கள். லேசரின் சூடேற்றும் உருளை சில நொடிகளுக்குப் பல நூறு வாட் இழுக்கும். கணினிக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் லேசரை மாட்டக் கூடாது என்பதும் இதனால்தான். இங்க்ஜெட்டை ஸ்மார்ட் பிளக்கில் அணைக்கவே வேண்டாம். தலைப்பகுதி மூடியில் போய் அமராமல் மின்சாரம் போனால் மை காய்ந்து துளைகள் அடைபடும்.

வேலை வராதபோது

லாக் கோப்புகள் இரண்டும் வார் அடைவின் கீழ், லாக் என்பதற்குள் கப்ஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. முதலில் ஆக்சஸ் லாக்கைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நேரத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால் கோரிக்கை சர்வரை எட்டவில்லை, தேட வேண்டியது வைஃபை, ஃபயர்வால், விபிஎன் பக்கம். வரி இருந்து 403 அல்லது 400 என்றால் அனுமதிப் பிரச்சினை. வேலை ஏற்கப்பட்டும் பேப்பர் வரவில்லை என்றால் எரர் லாக். கப்ஸ்சிடிஎல்லில் டீபக் விருப்பத்தைப் போட்டு ஒரே ஒரு பக்கம் அனுப்பினால், எந்த வடிகட்டி விழுந்தது என்பது வேலை எண்ணோடு தெரியும். பார்த்து முடித்ததும் டீபக்கை நிறுத்துங்கள், அது நிறைய எழுதும். பிரிண்டர்ஸ்.கான்ஃப் கோப்பைக் கப்ஸ் ஓடும்போது கையால் திருத்தினால், கப்ஸ் தன் நினைவில் இருப்பதை அதன் மேல் எழுதிவிடும். நிறுத்திவிட்டுத் திருத்துங்கள்.

இன்னொன்று பலர் அறியாமல் விடுவது: அச்சான கோப்புகளைக் கப்ஸ் இயல்பாக ஒரு நாள், 86400 நொடிகள், வேலைகளைச் சேமிக்கும் ஸ்பூல் அடைவில் வைத்திருக்கும். வீட்டில் பிரிண்ட் எடுப்பது ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் என்றால், பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் வரியை நோ என்று மாற்றுங்கள். முடிந்த வேலையை மறுபடி அச்சிடும் வசதி போகும், ஆனால் சர்வரை யாராவது எடுத்துப் போனால் அந்த நகல்கள் அதில் இருக்காது.

வரிசையை உருவாக்கும்போது, டிரைவர்கள் வழக்கொழிகின்றன, வருங்காலக் கப்ஸில் இயங்காது என்ற எச்சரிக்கை வரும். கப்ஸ் 3இல், பிரிண்டரின் வசதிகளை விவரிக்கும் பிபிடி கோப்பை நம்பிய பழைய வகை டிரைவர்களுக்கு இடமில்லை என்பது உண்மை. அவற்றின் இடத்தில் பிரிண்டர் அப்ளிகேஷன் என்ற தனி நிரல்கள் வருகின்றன. பழைய பிரிண்டரின் மொழியை வைத்துக்கொண்டு, வெளியே ஐபிபி பிரிண்டராகக் காட்டிக்கொள்வதுதான் அவற்றின் வேலையும். லெகசி பிரிண்டர் ஆப் என்ற நிரல், இன்றைய டிரைவர்களை அந்த வடிவத்துக்குள் ஓட்டவே எழுதப்பட்டது. 2.4 வரிசைக் கப்ஸ் ஓடும் சர்வரில் 1020 இப்போது இருக்கிறபடியே வேலை செய்யும். கப்ஸ் 3 உள்ள வெளியீட்டுக்குச் சர்வரை மாற்றும் நாளில் இந்த நிரலைச் சேர்க்க வேண்டியிருக்கும். போன்களிலும் லேப்டாப்களிலும் டிரைவர் எதுவும் இல்லாததால், அங்கே மிஞ்சினால் பிரிண்டரின் முகவரியை ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.